மார்பகக் கட்டிக்கு நம்மட பக்க அரசாங்க ஆஸ்பத்திரி எப்பிடி? மாமியக் கூட்டிக்கொண்டு திரிஞ்ச ஆளிட ரிவியூ

கட்டி எண்டதும் கொழும்பு பஸ்ஸுக்கு சீட் புக் பண்ணாதீங்க, முதல்ல பக்கத்துல இரிக்கிற பெரிய அரசாங்க ஆஸ்பத்திரிட சேர்ஜிக்கல் கிளினிக்குக்குப் போங்க. என்ட முடிவு இதான், கீழ எழுதுறதெல்லாம் ஏன் எண்டுதான். ஆஸ்பத்திரிட பேர் போடமாட்டன், நல்லதும் சொல்லப்போறன் குறையும் சொல்லப்போறன், அங்க வேல செய்ற ஆக்கள் கொஞ்சப் பேர்தான், ஆரச் சொல்றன் எண்டு உடன விளங்கிரும். மட்டக்களப்பு அம்பாறைப் பக்கம் எண்டு மட்டும் வச்சிக்கங்க.

நோயாளி என்ட மாமி, ஊர் தம்பிலுவில், வயசு அம்பதத் தாண்டிட்டு. இடப்பக்கம் ஒரு கட்டி, புளியங்கொட்ட அளவு, நோவு ஒண்டும் இல்ல. நோவு இல்லாததால அவ கணக்கெடுக்கவே இல்ல, மாமாவும் "நோகாத கட்டி கொழுப்புக் கட்டிதானே" எண்டுட்டார். புற்றுநோய்க் கட்டி தொடக்கத்துல அநேகமா நோகிறதே இல்ல, இத எத்தின தரம் சொன்னாலும் நம்மட சனம் நோவு வந்தாத்தான் வருத்தம் எண்டு நினைக்குது. நோகிற கட்டி எல்லாம் புற்றுநோயும் இல்ல, அதுவும் ஒரு பக்கம்.

பிடிச்சது ஆரு தெரியுமா, ஊர் மிட்வைஃப் மிஸ். எம்ஓஎச் ஒபிஸ்ல சுகவனிதையர் கிளினிக் எண்டு ஒண்டு நடக்கும், நாட்டுல 1996ல தொடங்கினது, 35 வயசுக்கு மேல உள்ள பொம்பிளையள் போகலாம், பிரஷர் சீனி பாப்பாங்க, கருப்பைக் கழுத்து டெஸ்ட் எடுப்பாங்க, மார்பையும் கையால பரிசோதிப்பாங்க, அஞ்சு சதம் இல்ல. இதுக்கு என்ட கையில அஞ்சுக்கு அஞ்சு ஸ்டார். ஆனா கிளினிக் நாள்ல போய்ப் பாத்தா வாங்கு பாதி காலியாத்தான் கிடக்கும். கலியாணம் கட்டி புள்ள பெத்து முடிஞ்சா மிட்வைஃபோட கணக்கு முடிஞ்சிது எண்டு நம்மட ஆக்கள் நினைக்கிற போல. பொம்பிளதான் பாக்கிறது, திரை போட்டிருக்கும், வெக்கப்பட ஒண்டும் இல்ல, ஆம்பிள டொக்டர் பாக்கக்கூடாது எண்டு நிக்கிற வீடுகளுக்கும் இத விட லேசான வழி கிடையாது.

கையால தடவிப் பாத்து என்னத்தக் கண்டுபிடிக்கிற எண்டு மச்சான் ஒருத்தர் கேட்டார், அவருக்கு எல்லாத்துக்கும் மெஷின் வேணும். மும்பாயில டாட்டா ஆஸ்பத்திரி ஆக்கள் இத 20 வருசமா பாத்திருக்கிறாங்க, ஒண்டரை லச்சத்துக்கு மேல பொம்பிளையள், 35ல இருந்து 64 வயசு வரைக்கும். டொக்டரே இல்ல, பயிற்சி குடுத்த சுகாதார ஊழியப் பொம்பிளையள்தான் ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா கையால பரிசோதிச்சது. அப்பிடிப் பரிசோதிச்ச ஆக்கள்ல நோய் முத்த முதலே பிடிபட்டிச்சு, 50 வயசுக்கு மேல உள்ள ஆக்கள்ல சாவு 30 வீதத்துக்குக் கிட்டக் குறைஞ்சிருக்கு. அதுக்குக் கீழ் வயசுல அந்தக் குறைவு தெரியல்ல, அதையும் ஒளிக்காமச் சொல்லித்தான் 2021ல வெளியிட்டாங்க. மெமோகிராம், அதான் மார்ப எக்ஸ்ரே எடுக்கிற மெஷின், ஊருக்கு ஊர் வைக்க வசதி இல்லாத நாட்டுக்கு இது சின்ன விசயமா?

சரி, இனி ஆஸ்பத்திரி.

கிளினிக் நாள்ல வெள்ளெண போகோணும். பொத்துவில் பக்கத்துல இருந்தும் வாகரைப் பக்கத்துல இருந்தும் வாற ஆக்கள் முதல் பஸ்ஸப் பிடிச்சு வந்து நம்பர் துண்டு எடுத்து வச்சிட்டு இடியப்பப் பார்சலப் பிரிச்சிக்கொண்டு இரிப்பாங்க. வாங்கு காணாது, ஃபேன் ரெண்டு, அதுல ஒண்டு சும்மா தொங்குது. டொயிலட்டப் பத்தி எழுதினா இந்த ரிவியூ அதோட முடிஞ்சிரும், விடுவம். மார்பக நோயாளிக்குத் தனி வரிச இல்ல, ஹேர்ணியாவும் கால் புண்ணும் எல்லாம் ஒரே வரிசதான், ஆனா துண்டு பாக்கிற நேர்ஸ் மிஸ் "கட்டி" எண்டு எழுதின ஆக்கள எழுப்பி முன்னுக்கு இரித்திட்டா. எந்தச் சட்டத்துல இரிக்கோ தெரியா, அவ அப்பிடித்தான் செய்றா, அவக்கு ஒரு கும்பிடு.

டொக்டர் ரெண்டு மார்பும் ரெண்டு கக்கமும் பாத்தார். சிங்கள டொக்டர், தமிழ்ல "நோகுதா", "கைய உயத்துங்க அம்மா" வரைக்கும் நல்லா வருது. அதுக்கு மேல விளங்கப்படுத்த வேண்டிய இடம் வந்ததும் தமிழ் தெரிஞ்ச மிஸ் வராம அவர் வாயத் திறக்கல்ல, காத்துக்கொண்டு நிண்டார். அது எனக்குப் பிடிச்சிது. வேற வாட்டுகள்ல ஓடலி அண்ணன் வந்து பாதிய விழுங்கிப் பாதியச் சொல்லி நோயாளி தலைய ஆட்டிட்டுப் போறத நான் கண்டிருக்கன்.

இந்த வருத்தத்தக் கண்டுபிடிக்க மூண்டு விசயம் ஒண்டுக்கொண்டு பொருந்தோணுமாம், கையால பாக்கிறது, படம், சதைப் பரிசோதனை. படம் எண்டா வயசு கூடின ஆக்களுக்கு மெமோகிராம், இளம் ஆக்களுக்கு மார்பு இறுக்கமா இரிக்கிறதால அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்தான் நல்லாக் காட்டும். மூண்டுல ஒண்டு மற்றதோட ஒத்துவரல்ல எண்டா விடாமத் தோண்டிப் பாக்கோணும். மெமோகிராம் திகதி தூரத்துல கிடைச்சிது, இங்க ஒரு ஸ்டார் வெட்டு. அவசரத்துக்கு வெளியில எடுத்தம், காசு கனந்தான். ஆனா டொக்டர் அந்தப் படத்துக்காகக் காத்திருக்கல்ல, ஸ்கேன் பாத்த அண்டைக்கே பயொப்ஸி, அதான் அந்தச் சதைப் பரிசோதனைக்கு, எடுத்திட்டார், அதான் பெரிய லாபம்.

பயொப்ஸிய கொஞ்சம் விரிச்சு எழுதோணும், நம்மட சனத்துக்குப் பயம் எல்லாம் இதுலதான். "ஊசி குத்தினா புற்றுநோய் உடம்பெல்லாம் பரவிரும்" எண்டு எங்கட ஒழுங்கையில மட்டும் நாலு பேர் சொன்னாங்க. பரவாது. குத்தாம எந்த மருந்து குடுக்கிற எண்டு டொக்டருக்குத் தெரியாது. முதல்ல விறைப்பு ஊசி, மறுகா பேனை அளவில ஒரு ஸ்பிரிங் ஊசி. குத்த முதல் டொக்டர் அத வெளியில வச்சு ஒருக்கா அடிச்சுக் காட்டினார், "டக்" எண்டு சத்தம், "இந்தச் சத்தம்தான் கேக்கும், பயந்து துள்ளிரக்கூடாது" எண்டு மிஸ் மாமிக்குச் சொன்னா. மாமி துள்ளல்ல, நான்தான் துள்ளினன். எடுத்த சதை சேமியாத் துண்டு மாதிரி வெள்ளையா மெல்லிசா இரிந்திச்சு, ஃபோமலின், அதான் சதை பழுதாகாம வைக்கிற மருந்துத் தண்ணி, அந்தப் போத்தலுக்குள்ள போட்டதும் அடியில போய் நிண்டிச்சு. டொக்டர் போத்தலத் தூக்கி வெளிச்சத்துல பாத்திட்டு "தாண்டிட்டு, நல்லம்" எண்டார். கொழுப்பு மட்டும் வந்தா மிதக்குமாம். நேர்ஸ் மிஸ் போத்தல்ல பேர், கிளினிக் நம்பர், எந்தப் பக்கம், அதோட எடுத்த நேரம், எல்லாம் எழுதினா.

நேரம் எதுக்கு எண்டு கேட்டன். சதைய எடுத்து ஒரு மணித்தியாலத்துக்குள்ள ஃபோமலின்ல போடோணும், குறைஞ்சது 6 மணித்தியாலம் ஊறோணும், 72க்கு மேல போகக்கூடாது, பிந்தினா, நோய் ஹோர்மோனால வளருதா எண்டு பாக்கிற ஹோர்மோன் டெஸ்ட் பிழையாக் காட்டும் எண்டா. ஹோர்மோன் இல்லை எண்டு பிழையா வந்தா, அஞ்சு வருசம் குடிக்க வேண்டிய, உயிரக் காப்பாத்திற, விலையும் மலிவான ஒரு குளிசை அந்த மனிசிக்கு எழுதுப்படாமலே போயிரும். கோடிக்கணக்கான மெஷினப் பத்திக் கதைக்கிற நாம இந்தப் போத்தலப் பத்திக் கதைக்கிறமா?

போத்தல் கதை இன்னும் முடியல்ல. வாங்குல எனக்குப் பக்கத்துல கரையோரப் பக்கத்து லாத்தா ஒருத்தி. அவட கட்டிய ஒரு தனியார் இடத்துல, இடத்தின்ட பேர் வேணாம், விறைப்பு ஊசி போட்டு வெட்டி எடுத்து, "கொழுப்புதான், பயப்படாதீங்க" எண்டு தையல் போட்டு அனுப்பிட்டாங்களாம். வெட்டின சதை எங்க எண்டா ஒருத்தருக்கும் தெரியா, லேப்புக்குப் போகவே இல்ல. கொஞ்ச மாசத்தால அதே தழும்புக்குப் பக்கத்துல திரும்பத் தடிச்சு, இப்ப கக்கத்துலயும் இரிக்கு. "காசும் குடுத்து வருத்தத்தையும் வளத்திட்டன் மகள்" எண்டு அவ சிரிச்சிக்கொண்டே சொன்னா, எனக்குத்தான் கோவம் தாங்கல்ல. எந்த இடத்துல எந்தக் கட்டிய எடுத்தாலும் அந்தச் சதை பெத்தோலொஜி ரிப்போட்டா உங்கட கைக்கு வரோணும். வராட்டி காசு குடுக்காதீங்க, சண்ட பிடிங்க.

இப்ப பெரிய குறை, ரிப்போட். புற்றுநோய்தான் எண்ட முதல் ரிப்போட் ஓரளவுக்குக் கெதியா வந்திட்டு. அதுக்குப் பிறகு ஈஆர், பீஆர், ஹேர் டூ எண்டு மூண்டு டெஸ்ட் (முதல் ரெண்டும் அந்த ஹோர்மோன் டெஸ்ட், ஹேர் டூ எண்டது நோய வளக்கிற ஒரு புரதம்), அது வேற இடத்துக்குப் போய் வாறதாம், மருந்து முடிஞ்சா அங்கயும் நிக்குமாம். ஃபோன் எடுத்தா ஒரு நாள் "வரல்ல", இன்னொரு நாள் "வந்திரிக்கும், ஆளக் காணல்ல, மறுகா எடுங்க". கடைசியா நேர்ல போய் நிண்டா ரிப்போட் வந்து வேற ஒருத்தரிட கொப்பிக்குள்ள கிடக்கு! இதுக்கு அஞ்சுக்கு ஒண்டு, அதுவும் தேடித் தந்த பொடியனுக்காக. உலக சுகாதார நிறுவனம் 2021ல மூண்டு இலக்கு வச்சது: 60 வீதத்துக்கு மேல ஆக்கள முதல் ரெண்டு கட்டத்துக்குள்ள பிடிக்கோணும், ஆள் ஆஸ்பத்திரிக்கு வந்து 60 நாளுக்குள்ள நோய் என்ன எண்டு முடிவா சொல்லோணும், 80 வீதம் ஆக்கள் சிகிச்சைய முழுசா முடிக்கோணும். நான் இந்த ஆஸ்பத்திரிய அளந்தது இந்த 60 நாளாலதான். மாமிட கேஸ் 60ஐத் தாண்டல்ல, ஆனா ஆரும் பின்னால திரியாட்டி தாண்டியிருக்கும். திரிய ஆள் இல்லாத மனிசிமார் என்ன செய்ற? இதுக்கு ஆஸ்பத்திரிதான் பதில் சொல்லோணும், நோயாளிட சொந்தக்காரர் இல்ல.

திரியிற ஆக்களுக்கு ஒரு விசயம். ரிப்போட்டுல பயொப்ஸி நம்பர் ஒண்டு இரிக்கும், அத ஃபோன்ல படம் எடுத்து வைங்க. எடுத்த சதைய மெழுகுக் கட்டிக்குள்ள வச்சு லேப்ல பாதுகாப்பாங்க, பிறகு வேற டெஸ்ட் தேவைப்பட்டா திரும்பக் குத்தத் தேவையில்ல, அந்தக் கட்டியில இருந்தே சீவி எடுக்கலாம். லாத்தாக்கு அந்த மெழுகுக் கட்டியே இல்ல, விளங்குதா?

மாமிட ரிப்போட் ஹோர்மோன் பொசிட்டிவ், ஹேர் டூ நெகட்டிவ். ஹேர் டூ பொசிட்டிவ் எண்டா ட்ராஸ்டுசுமாப் எண்ட ஊசி சாதாரணமா ஒரு வருசம் போடோணும், 2015ல இருந்து உலக சுகாதார நிறுவனத்தின்ட அத்தியாவசிய மருந்துப் பட்டியல்ல இரிக்கு, விலை கேட்டா தல சுத்தும். அது வேண்டி வந்த ஆக்கள் கிளினிக்குல சப்ளை விசயத்த முதல் நாளே கேட்டு வைங்க.

சொந்தக்காரர் சேர்ந்ததும் அடுத்த பிரச்சின, "பெட் ஸ்கேன் எடுக்கல்லயா, ஏமாத்துறாங்க". உடம்பு முழுக்க நோய் எங்க இரிக்கு எண்டு தேடுற ஸ்கேன் அது. மஹரகமை புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு பெட் ஸ்கேன் வாங்க 2016ல நாடு முழுக்க சனம் காசு சேத்தது எல்லாருக்கும் நினைவிரிக்கு, அதால அது இல்லாட்டி வைத்தியமே இல்ல எண்டு நினைக்கிறாங்க. தொடக்கக் கட்டத்துல, வேற குணங்குறி ஒண்டும் இல்லாத ஆளுக்கு அது தேவையில்ல, வெளிநாட்டு வழிகாட்டியிலயும் அப்பிடித்தான். மாமிக்கு நெஞ்சு எக்ஸ்ரே, வயித்து ஸ்கேன், ரெத்தம். அவ்வளவுதான், அது போதும்.

ஒப்பரேஷன். முழுசா எடுக்கிறதா, கட்டிய மட்டும் எடுத்து ரேடியேஷன் குடுக்கிறதா எண்டு டொக்டர் மாமியக் கேட்டார், மாமாவ இல்ல. ரெண்டுலயும் உயிர் வாழுற அளவு ஒண்டுதான் எண்டு இத்தாலியிலயும் அமெரிக்காவுலயும் 20 வருசம் பாத்து 2002ல வெளியிட்டிருக்கிறாங்க, ஆனா கட்டிய மட்டும் எடுத்தா ரேடியேஷன் கட்டாயம். மாமி முழுசா எடுக்கச் சொல்லிட்டா. "அத வச்சி இனி என்ன கா செய்ற, போற வாற அலைச்சல் குறைஞ்சாச் சரி" எண்டா. அலைச்சலுக்குப் பயந்து ஒரு பொம்பிள உடம்புல ஒரு பகுதியக் குடுக்க வேண்டி இரிக்கே எண்டு எனக்கு மனசு கேக்கல்ல, ஆனா முடிவு அவட. கடைசியில கக்கத்துக் கழலையிலயும் நோய் இரிந்ததால ரேடியேஷனும் வேண்டி வந்திட்டு.

வாட் நல்லம், நேர்ஸ்மார் நல்லம், சாப்பாடு ஆஸ்பத்திரிச் சாப்பாடுதான். வீட்டுக்கு விடக்குள்ள பக்கத்துல ஒரு குழாயும் போத்தலும் இரிந்திச்சு, நீர் வடியிறதுக்கு. மாமி அத ஒரு சீலைப் பைக்குள்ள வச்சு தோள்ல கொழுவிக்கொண்டு முத்தம் கூட்டினா, ஏசி ஏசி இரித்தினன். காலையில ஒவ்வொரு நாளும் போத்தல்ல எத்தின மில்லி எண்டு கொப்பியில எழுதச் சொன்னாங்க, நாளுக்கு 30 மில்லி அளவுக்கு இறங்கினதும் கழட்டினாங்க. கைப் பயிற்சி காட்டித் தந்த பிசியோ தங்கச்சிக்கும் அஞ்சு ஸ்டார், சுவர்ல விரல் வச்சு மெல்ல மெல்ல மேல ஏறுற பயிற்சி, செய்யாட்டி தோள் இறுகிரும், தலை சீவக் கை போகாது.

ஒப்பரேஷனுக்குப் பிறகு கீமோ, அதான் புற்றுநோய்க்கு ஏத்துற மருந்து. கீமோ நாள் எண்டா விடிய ரெத்தம் குடுத்து ரிசல்ட் வரும் வரைக்கும் காத்திரிந்து, வெள்ளணு குறைவு எண்டா "அடுத்த கிழமை வாங்க" எண்டு திருப்பி அனுப்புவாங்க, அத ஏமாத்து எண்டு நினைக்காதீங்க, உங்கட பாதுகாப்புக்குத்தான். முதல் மருந்து சிவப்பு நிறம், அடுத்த நாள் சிறுநீரும் சிவப்பாப் போகும், ரெத்தம் எண்டு பதறி ஓடவேணாம். மயிர் கொட்டும். மாமி கொட்ட முதலே மொட்டை அடிச்சிட்டு "கதிர்காமம் போய் வந்தன்" எண்டு கேக்கிற ஆக்களுக்கெல்லாம் சொன்னா. ஒரு தரம் ஒரு ஊசி மருந்து ஸ்டொக் இல்லை எண்டு வெளியில வாங்கத் துண்டு தந்தாங்க, 2022 மாதிரி மோசம் இல்லத்தான், எண்டாலும் இலவச வைத்தியம் எண்டு நம்பி கையில பஸ் காசோட மட்டும் வந்த ஒரு அம்மா அந்தத் துண்டப் பிடிச்சிக்கொண்டு நிண்டத நான் பாத்தன். ஒரு ஸ்டார் வெட்டு.

கீமோவுல எல்லாத்தையும் விட முக்கியமான சாமான் தேர்மோமீட்டர். 38 பாகைக்கு, அதாவது 100.4க்கு ஏறினா பனடோல் குடிச்சிட்டுப் படுக்கப்படாது, மல்லித் தண்ணியும் வேணாம், நடுச்சாமம் எண்டாலும் உடன ஆஸ்பத்திரி. வாசல்லயே "கீமோ எடுக்கிற ஆள், காச்சல்" எண்டு சொல்லோணும், கெதியா அன்டிபயொட்டிக் ஏத்தோணும், காத்திருந்தா உயிருக்கு ஆபத்து. இத எங்களுக்கு ஒரு பச்ச நோட்டீஸ்ல தமிழ்ல அடிச்சுத் தந்தாங்க, பிரிஜ் கதவுல ஒட்டினம். ஊருப்பட்ட மெஷின விட அந்த நோட்டீசுக்கு நான் ஸ்டார் கூடப் போடுவன்.

ரேடியேஷன் வேற இடம். முந்தி 25 தரம், இப்ப 15 தரம், மூண்டு கிழமையில முடியும், பிரிட்டன்ல பாத்து ரெண்டும் ஒண்டுதான் எண்டு கண்டாங்க. தூர இடத்து ஆக்களுக்கு அந்த 10 நாள் எவ்வளவு பெரிசு எண்டு பஸ்ஸுல போறவனுக்குத்தான் தெரியும். ஒரு நாள் மெஷின் பழுதாகி ஆக்கள் எல்லாம் வாசலோட திரும்பினாங்க, முதல் நாளே ஒரு எஸ்எம்எஸ் போட்டா என்னவாம்? தங்க இடமும் இல்ல, சொந்தக்காரர் வீடு இரிக்கிறதால நாங்க தப்பிச்சம்.

இப்ப மாமி ஒரு நாளைக்கு ஒரு குளிசை, அஞ்சு வருசத்துக்கு. உடம்பு தணல் மாதிரிக் கொதிக்குது எண்டு ஒரு கிழமை நிப்பாட்டப் பாத்தா, கிளினிக் மிஸ் கொப்பியப் பாத்துக் கண்டுபிடிச்சு நல்லா ஏசினா. வராத ஆக்கள்ர பேர ஒரு தனிக் கொப்பியில எழுதி, பின்னேரத்துல தன்ட ஃபோன்ல இருந்தே எடுக்கிறா அவ. அந்த ரீலோட் காசையாவது அரசாங்கம் குடுக்கட்டும்.

போறவங்க பழைய ரிப்போட் எல்லாம் கொண்டு போங்க, முன்னால திறக்கிற சட்டை போடுங்க, மெமோகிராம் நாள்ல பவுடர் பூசாதீங்க, படத்துல புள்ளி புள்ளியாத் தெரியும். தண்ணிப் போத்தலும் விசிறியும் கட்டாயம்.

பி.கு: ஆம்பிளையளுக்கு வருமா எண்டு தம்பி ஒருத்தர் கேட்டிரிந்தார். வரும், மார்பகப் புற்றுநோய் வாற 100 பேர்ல ஒருத்தர் அளவுல ஆம்பிள. அந்த வாங்குல ஒரு ஐயாவும் இரிந்தார், மனிசிக்குத் துணையா வந்திருக்கார் எண்டு நினைச்சா மிஸ் கூப்பிட்டது அவர்ர பேர. அதே கிளினிக், அதே நம்பர் துண்டு, காலையில ஆறுக்குப் போனா முன் வரிசையில கிடைக்கும்.